டீசல் கார் நெடுஞ்சாலையில் நின்றுபோனால்: 50 வெள்ளி புளூடூத் ஸ்கேனர் எதுவரை கைகொடுக்கும்?

முதலில் தீர்ப்பு. டீசல் கார் வைத்துக்கொண்டு சிங்கப்பூரின் உட்லண்ட்ஸையோ துவாஸையோ தாண்டி அடிக்கடி மலேசியா போகிறவர்கள் புளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர் (காரின் சோதனைத் துளையில் செருகினால் இன்ஜின் கணினியின் தகவலைப் போனில் காட்டும் சிறு சாதனம்) ஒன்றை வாங்கிவைப்பது நல்லதுதான். ஆனால் விற்பவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. கோளாறுக் குறியீட்டைப் படித்து எந்தப் பாகம் பழுது என்று சொல்லிவிடும் என்பது விளம்பரம். மலேசிய நெடுஞ்சாலையில் யோங் பெங்குக்கும் பாகோவுக்கும் நடுவே அவசரத் தடத்தில் நிற்கும் காருக்கு அது பாதிதான் உண்மை. அங்கே உதவுவது, ஸ்டார்ட்டர் சுழலும் பத்து விநாடிகளில் திரையில் ஓடும் மூன்று எண்கள்: இன்ஜினின் சுழற்சி வேகம், ரெயில் அழுத்தம் (டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களுக்கு அதைக் கொடுக்கும் பொதுக் குழாயில் உள்ள அழுத்தம்), பேட்டரி வோல்ட். இந்த மூன்றையும் அறுபடாமல் காட்டுகிற ஸ்கேனர் நல்ல ஸ்கேனர். மற்றதெல்லாம் அலங்காரம்.

சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் புதிய டீசல் கார்களும் டாக்சிகளும் பதிவு செய்யப்படுவதில்லை. ஆகவே சாலையில் ஓடும் டீசல் கார்கள் எல்லாமே இனி வயதாகிக்கொண்டு போகிறவைதான். வாரம் முழுவதும் பிடோக்கிலிருந்து ஷென்டன் வேவரை குறுகிய ஓட்டம், தைப்பூசத்துக்கோ தீபாவளிக்கோ திடீரென்று ஈப்போவரை 550 கி.மீ. என்பதுதான் இவற்றின் வாழ்க்கை. டீசல் வடிகட்டியில் சேர்ந்த அழுக்கு, டி.பி.எஃப். என்ற புகைக்குழாய் வடிகட்டியில் சேர்ந்த கரி, தளர்ந்த டர்போ குழாய் எல்லாம் ஊருக்குள் மெல்ல ஓட்டும்போது வெளியே தெரிவதில்லை. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில், முழுச் சுமையோடு ஏற்றம் ஏறும்போதுதான் தெரிகிறது.

எதை வாங்குவது

இணையக் கடைகளில் 10–15 வெள்ளிக்குக் கிடைக்கும் குட்டி நீலச் சாதனம்தான் அதிகம் விற்கிறது. காரின் கணினியோடு பேசுவதற்காகக் கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய ஈ.எல்.எம். 327 சில்லின் முதல் பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் பாதுகாப்பு இல்லாமல் போனது. இன்றைய மலிவுச் சாதனங்கள் அந்த நகல்களின் வழித்தோன்றல்கள். 'பதிப்பு 1.5' என்று உறையில் அச்சடித்திருப்பார்கள். எல்ம் நிறுவனம் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. '2.1' என்று போட்ட நகல்கள் பலவற்றில் அசலுக்குத் தெரிந்த கட்டளைகள் சில இருப்பதில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது குறியீடு படிக்க இவை போதும். ஸ்டார்ட்டர் சுழலும்போது மின்னழுத்தம் 10 வோல்டுக்கு இறங்குமே, அந்த நேரத்தில் பல நகல்கள் அணைந்து மீண்டும் எழும். நமக்குத் தேவையான பத்து விநாடி அதிலேயே போய்விடும்.

நடுத்தர விலையில், கடைக்குக் கடை மாறினாலும் சுமார் 40 முதல் 70 வெள்ளிக்குள், வீகேட் நிறுவனத்தின் ஐகார் புரோ, வீலிங்கர் எம்.சி. பிளஸ் போன்றவை வருகின்றன. வேகம் போதும், ஸ்டார்ட்டர் சுழலும்போது இணைப்பு நிற்கும், ஆப்பிள் போனிலும் வேலை செய்யும். இந்த மதிப்புரை பரிந்துரைப்பது இந்த ரகத்தைத்தான். 150 வெள்ளிக்கு மேல் போகும் ஓ.பி.டி.லிங்க் எம்.எக்ஸ். பிளஸ் இன்னும் வேகமானது, உறுதியானது. பி.எம்.டபிள்யூ, ஃபோர்டு, மஸ்டா கார்களின் உள் அமைப்புகளைத் தோண்டிப் பார்க்கும் ஆர்வம் இருந்தால் வாங்கலாம். சாலையோரத்துக்கு மட்டும் என்றால் அத்தனை பணம் தேவையில்லை.

வைஃபை வகையை வாங்க வேண்டாம். அதோடு இணைந்த போனில் இணையம் துண்டிக்கப்படலாம். நடுரோட்டில் வரைபடமும் வாட்ஸ்அப்பும் இல்லாமல் தவிப்பதற்கு ஸ்கேனர் இல்லாமலே இருக்கலாம். ஆப்பிள் போன் வைத்திருப்பவர்கள் புளூடூத் 4.0 அல்லது அதற்கு மேல் என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய வகைப் புளூடூத் சாதனங்களில் ஆப்பிள் அங்கீகாரம் பெற்ற சில தவிர மற்றவை அதில் சேராது.

செயலிகளில் 'கார் ஸ்கேனர்' இரண்டு வகைப் போனிலும் ஓடும். 'டார்க் புரோ' ஆண்ட்ராய்டுக்கு மட்டும். பி.எம்.டபிள்யூ டீசலுக்கு 'பிம்மர்லிங்க்' தனி மதிப்புடையது: டி.பி.எஃப். நிலையைக் காட்டும், மறுசுத்திகரிப்பையும் கோரும். எந்தச் செயலியானாலும் திரையில் மூன்று நான்கு அளவீடுகளுக்கு மேல் வைக்காதீர்கள். பன்னிரண்டு முள்வட்டங்களை அடுக்கிவைத்தால் ஒவ்வொன்றும் இரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். கண்ணுக்கு அழகு, நோய் கண்டறிய உதவாது.

ரெயில் அழுத்தத்தைப் பெரும்பாலான செயலிகள் கிலோபாஸ்கலில் காட்டும். நூறால் வகுத்தால் 'பார்' என்ற அலகில் கிடைக்கும். 30,000 என்று தெரிந்தால் 300 பார். எல்லாக் காரும் இந்த அளவீட்டைப் பொதுத் தரத்தின்படி வெளியே கொடுப்பதில்லை, முக்கியமாகப் பழைய ஜப்பானிய வண்டிகள். அதனால் வாங்கிய வாரத்திலேயே வீட்டுக் கார்நிறுத்தத்தில் சோதித்துப் பாருங்கள். ரெயில் அழுத்தம் வரவில்லை, உங்கள் கார் நிறுவனத்துக்கான தனி அமைப்பைச் செயலியில் தேர்ந்தும் வரவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிட்டு வேறு வாங்கலாம்.

அந்தச் சோதனையின்போதே நலமான காரின் எண்களைப் பதிவு செய்து வைக்க வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது வோல்ட் எவ்வளவு இறங்கியது, அழுத்தம் எதுவரை ஏறியபின் இன்ஜின் பிடித்தது, சூடான இன்ஜின் சும்மா ஓடும்போது அழுத்தம் எவ்வளவு, பீ.ஐ.இ. விரைவுச்சாலையில் நுழையும்போது மிதித்தால் உள்ளிழுப்புக் குழாய் அழுத்தம் எதுவரை போகிறது. இந்த நான்கு எண்ணும் போனில் இருந்தால், பழுதான நாளில் ஒப்பிட ஓர் அளவுகோல் கையில் இருக்கும். இல்லாதவர்கள் கீழே வரும் பொது எண்களை நம்ப வேண்டியதுதான். அவை இன்ஜினுக்கு இன்ஜின் கொஞ்சம் மாறும்.

ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்

அவசரத் தடத்தில் காருக்குள் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பது இந்த முழு விஷயத்திலும் ஆபத்தான பகுதி. எச்சரிக்கை விளக்கு, ஒளிரும் மேலங்கி, முக்கோணம்; பயணிகள் எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கிச் சாலைத் தடுப்புக்கு அப்பால். மூன்று எண்களைப் பார்க்க ஓட்டுநர் ஒருவர் ஒரு நிமிடம் உள்ளே இருந்தால் போதும். செயலியில் பதிவுப் பொத்தானை அழுத்தி, ஸ்டார்ட்டரை எட்டுப் பத்து விநாடி சுழற்றிவிட்டு, தடுப்புக்கு அப்பால் போய் நின்று பதிவைப் படிக்கலாம். அங்கே பானெட்டைத் திறந்து பழுது பார்ப்பதோ காருக்கு அடியில் படுப்பதோ கூடாது. எந்தப் பழுதானாலும் ஓய்விடத்துக்கோ சுங்கச்சாவடிக்கோ நகர்த்திய பிறகுதான்.

இன்ஜின் தானாக வேகமெடுத்து அலறினால், சாவியை அணைத்தும் நிற்காமல் வெண்ணீலப் புகையைக் கக்கினால், டர்போவின் வழியே இன்ஜின் எண்ணெயையே குடித்து ஓடுகிறது என்று பொருள். ஸ்கேனருக்கு அங்கே வேலையில்லை. கியர் கைமுறை என்றால் பிரேக்கை முழுவதும் மிதித்து, உயர் கியரில் கிளட்ச்சை விட்டு இன்ஜினை அடக்கலாம். ஆட்டோமேட்டிக் என்றால் எல்லோரும் இறங்கித் தூரப் போவது நல்லது.

மூன்று எண்கள்

ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லையா, சுற்றியும் பிடிக்கவில்லையா? இதைப் பிரிக்க ஸ்கேனர் வேண்டியதில்லை, காது போதும். சுற்றவே இல்லை, வோல்ட் 12.4க்கு மேல் அசையாமல் நிற்கிறது என்றால் ஸ்டார்ட்டர், அதன் ரிலே, பிரேக் சுவிட்ச், சாவி, கியர் நிலை ஆகியவற்றில் ஒன்று. வோல்ட் 9.6க்குக் கீழே விழுந்து, வேகம் 150 சுற்றைத் தாண்டவில்லை என்றால் பேட்டரி அல்லது அதன் முனைகள். டீசல் பிடிக்க நிமிடத்துக்கு 200 சுற்றாவது வேண்டும். இப்படி மெதுவாகச் சுற்றும்போது ரெயில் அழுத்தமும் ஏறாது. அழுத்தம் குறைவு என்ற குறியீடும் கூடவே வரும். அதைப் பார்த்துவிட்டு எரிபொருள் பம்பை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. முதலில் பேட்டரியைச் சரிசெய்துவிட்டுப் பிறகு அழுத்தத்தைப் பாருங்கள்.

பேட்டரி நன்றாக இருக்கிறது, இன்ஜின் காதுக்குத் தெளிவாகச் சுழல்கிறது, ஆனால் திரையில் சுழற்சி வேகம் 0. டேஷ்போர்டு முள்ளும் அசையவில்லை. இது இன்ஜினின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரின் கையெழுத்து. பி0335 என்ற குறியீடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தச் சென்சார் சூட்டில் செத்து, ஆறியதும் உயிர்க்கும் பழக்கம் உடையது. அரை மணி நேரம் ஆறவிட்டபின் பிடித்துக்கொண்டால், அடுத்த வெளிவழியிலேயே இறங்கிவிட வேண்டும். 'சரியாகிவிட்டது' என்று கோலாலம்பூர்வரை இழுத்தால் மீண்டும் சூடாகும் இடத்தில் மீண்டும் நிற்கும். பாகம் சிறியது, பெரும்பாலான இன்ஜின்களில் ஒரே ஒரு போல்ட்.

வேகம் 200க்கு மேல், அழுத்தம் 100 பாரைத் தாண்டவில்லை. நெடுஞ்சாலையில் நின்ற டீசல் காரில் இதைத்தான் அடிக்கடி பார்க்கலாம். காமன் ரெயில் இன்ஜின்களில் அழுத்தம் ஏறக்குறைய 150–250 பார் வரும்வரை கட்டுப்பாட்டுக் கணினி இன்ஜெக்டர்களைத் திறக்காது. எத்தனை முறை சுற்றினாலும் பிடிக்காது, புகைக்குழாயில் புகையும் வராது. (வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். இதைப் பார்ப்பவர் தடுப்புக்கு அப்பால் நின்று பார்க்க வேண்டும், காருக்குப் பின்னால் நின்று அல்ல.) சாவியை இயக்க நிலையில் வைத்து, இன்ஜின் சுழலாதபோதும் திரை 40, 50 பார் என்று காட்டினால் அழுத்த சென்சாரே பொய் சொல்கிறது. நெடுநேரம் நின்ற காரில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

அழுத்தம் ஏன் வரவில்லை என்பதற்கு வரிசை உண்டு, மலிவானதில் தொடங்கலாம். டீசல் இருக்கிறதா? அளவுமுள்ளை நம்பாமல் கடைசியாக நிரப்பியதிலிருந்து ஓடிய தூரத்தைக் கணக்கிடுங்கள். சாவியைத் திருப்பியதும் பின்இருக்கைக்கு அடியில் தொட்டிப் பம்பின் முனகல் கேட்கிறதா? கேட்காவிட்டால் ஃபியூஸும் ரிலேவும். காருக்குக் கீழே டீசல் சொட்டுகிறதா? அதன்பின் வடிகட்டி. நின்றுபோவதற்கு முன் ஏற்றத்தில் இழுவை குறைந்து, காலை எடுத்ததும் சரியாகி, மீண்டும் மிதித்ததும் குறைந்து, பி0087 (ரெயில் அழுத்தம் குறைவு என்ற குறியீடு) வந்திருந்தால் வடிகட்டி அடைப்புதான் முதல் சந்தேகம். இப்படிப்பட்ட காரை முழுதாக நிற்கும்வரை மிதிக்காமல், முன்பே மணிக்கு 70–80 கி.மீ.க்கு இறக்கினால், குறைந்த ஓட்டத்துக்குப் போதுமான டீசல் வடிகட்டி வழியே வரும். அடுத்த ஓய்விடம்வரை போய்விடலாம்.

மலேசியப் பம்புகளில் 'யூரோ 5 பி7', 'யூரோ 5 பி10' என்று எழுதியிருக்கும். கடைசி எண், பாமாயிலிலிருந்து எடுத்த பயோடீசலின் விழுக்காடு. ஐரோப்பிய டீசல் தரம் 7 விழுக்காடுவரைதான் அனுமதிக்கிறது. ஆகவே ஐரோப்பியக் கார்களுக்குப் பி7. பயோடீசல் தொட்டியின் பழைய படிவுகளைக் கரைத்து வடிகட்டிக்கு அனுப்பும், நீரையும் சாதாரண டீசலைவிட அதிகம் ஈர்க்கும். பத்து வயது கார் முதன்முறையாக மலேசிய டீசலில் நெடுந்தூரம் ஓடும்போது வடிகட்டி அடைத்துக்கொள்வது ஆச்சரியமல்ல. புறப்படும் முன் புது வடிகட்டி போட்டுக்கொண்டு போவது ஸ்கேனரைவிடச் சிறந்த முதலீடு. ஸ்கேனர் மதிப்புரையில் இதைச் சொல்வது விந்தைதான், ஆனால் உண்மை.

வடிகட்டியின் அடியில் நீர் வடிக்கும் திருகு இருந்தால், ஒளி ஊடுருவும் பாட்டிலில் 100–200 மில்லி வடித்து இரண்டு நிமிடம் நிற்க வையுங்கள். நீர் அடியில் தனியாகப் பிரியும். கொஞ்சம் நீர் என்றால் சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிட்டு முயலலாம். பாட்டிலில் பாதிக்கு மேல் நீர் என்றால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். தொட்டியைக் காலி செய்ய வேண்டும். உயர் அழுத்தப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் மசகு டீசல்தான், நீர் அவற்றைக் கீறிவிடும். தவறிப் பெட்ரோல் நிரப்பிவிட்டாலும் இதே விதி: சாவியைத் திருப்பவே கூடாது, ஏனெனில் தொட்டிப் பம்பு அப்போதே அதை முன்னுக்குத் தள்ளிவிடும்.

வடிகட்டியை மாற்றினால், ஓய்விடத்தில், இன்ஜின் ஆறியபின். புதியதைச் சுத்தமான டீசலால் வெளிப்பக்க அறை வழியாக மட்டும் நிரப்புங்கள். நடுத்துளையில் ஊற்றினால் அந்த டீசல் வடிகட்டப்படாமலே பம்புக்குப் போகும். கைப்பம்பு உள்ள வண்டியில் அது கல்லாக இறுகும்வரை அழுத்த வேண்டும். மின்பம்பு உள்ளதில் சாவியை இயக்க நிலையில் பத்து விநாடி வைத்து அணைத்து, ஐந்து முறை. பிறகே ஸ்டார்ட்டர். ஒருமுறைக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. இந்த நேரத்தில் ரெயில் அழுத்தம் ஒவ்வொரு முயற்சிக்கும் 30, 80, 160 என்று கூடிக்கொண்டே வந்தால் காற்று வெளியேறுகிறது, தொடரலாம். மூன்று முயற்சியிலும் 20 பாரிலேயே நின்றால் பேட்டரியை வீணாக்காதீர்கள். பி0087 என்ற குறியீட்டால் இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது. ஓடும் எண்தான் சொல்லும்.

வடிகட்டி புதிது, காற்றும் இல்லை, அழுத்தம் வரவில்லை என்றால் மீதமிருப்பவை மூன்று: பம்பில் உள்ள உறிஞ்சல் கட்டுப்பாட்டு வால்வு, அதிகமாகக் கசிந்து திருப்பி அனுப்பும் இன்ஜெக்டர், உயர் அழுத்தப் பம்பே தேய்ந்துபோவது. டென்சோ பம்பு உள்ள டொயோட்டா டீசல் என்றால் ஜொகூர் போமன்கள் (மெக்கானிக்குகள்) நேரே அந்த வால்வைத்தான் பார்ப்பார்கள், சரியாகவே. இன்ஜெக்டரைப் பிடிக்க நான்கு பாட்டில்களும் குழாய்களும் போதும்: திரும்பும் குழாய்களைத் தனித்தனியே பாட்டிலில் விட்டு இன்ஜினைச் சுழற்றினால், மற்றவற்றைவிடப் பன்மடங்கு நிரம்பும் பாட்டில்தான் குற்றவாளி. இது பட்டறை வேலை. பழைய டீசல்களில் செய்ததுபோல் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்றெடுக்க யாராவது முன்வந்தால் தடுத்துவிடுங்கள். ஆயிரம் பாரைத் தாண்டும் அழுத்தத்தில் ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் அது அறுவைச் சிகிச்சை அவசரம்.

வேகம் சரி, அழுத்தம் 250 பாருக்கு மேல், ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் எரிபொருளை விட்டுவிடலாம். சாவிச் சின்னம் கண்சிமிட்டுகிறதா என்று பாருங்கள், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசராக இருக்கலாம். பி0340 இருந்தால் கேம் சென்சார். அழுத்தம் எவ்வளவாக இருந்தாலும், ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட இலகுவாக, விர்ரென்று ஒரே சீராகச் சுழன்றால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். அப்படித் தோன்றிய கணமே நிறுத்துங்கள். ஒவ்வொரு சுழற்றலும் வால்வுகளை இன்னும் வளைக்கும்.

குளோ பிளக்கை (குளிர்ந்த இன்ஜின் பிடிக்க அதன் உள்ளறையைச் சூடாக்கும் பாகம்) கடைசியில்கூட வைக்கவில்லை என்று கவனித்திருப்பீர்கள். 30 பாகை வெயிலில் சூடான இன்ஜின் குளோ பிளக் இல்லாமலே பிடிக்கும். பி0380 இருந்தாலும் நின்றதற்குக் காரணம் அநேகமாக அது அல்ல. ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் அந்தச் சுருள் விளக்கு கண்சிமிட்டினால், அது குளோ பிளக்கைப் பற்றியதே அல்ல, பொதுவான இன்ஜின் கோளாறு எச்சரிக்கை. ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்துப் பிடிக்கவைக்கும் யோசனையும் வேண்டாம். குளோ பிளக் சூட்டில் அது உள்ளிழுப்புக் குழாயிலேயே வெடிக்கலாம்.

ஓடுகிறது, ஆனால் இழுக்கவில்லை

இங்கே பார்க்க வேண்டியது ஒரே அளவீடு: உள்ளிழுப்புக் குழாய் அழுத்தம். கடல்மட்டக் காற்றழுத்தம் 100 கிலோபாஸ்கல். நன்றாக மிதித்தால் டர்போ டீசலில் 200ஐத் தாண்ட வேண்டும். 105இலேயே நிற்கிறது, உஸ் என்ற சத்தம், கறும்புகை, பி0299 என்றால், டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய் கழன்றோ கிழிந்தோ இருக்கிறது. கழன்ற குழாயை எண்ணெய் போகத் துடைத்து, புதுக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் பயணம் தொடரும். ஸ்கேனரும் ஒரு திருப்புளியும் பட்டறைச் செலவு முழுவதையும் மிச்சப்படுத்தும் இடம் இது ஒன்றுதான். கிழிசலுக்குத் தன்னொட்டு நாடா சுற்றலாம், அது மெல்ல ஓட்டி வெளியேற மட்டுமே. குழாய்க்குள் எண்ணெய் குளமாக நின்று நீலப்புகையும் வந்தால் டர்போவே போயிருக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு இழுவை லாரியை அழையுங்கள்.

பி2463 அல்லது பி2002 வந்தால் சந்தேகம் டி.பி.எஃப். மீது. கரி அளவு வரம்புக்குள் இருந்தால் 80–90 கி.மீ. வேகத்தில் இருபது நிமிடம் சீராக ஓட்டினாலே கார் தானாக எரித்துச் சுத்தம் செய்யும். தொட்டியில் டீசல் குறைவாக இருந்தால் பல கார்கள் அதைத் தொடங்காது. மச்சாப் ஓய்விடத்தில் நிறுத்தியதும் விசிறி அலறி, சூட்டு வாடை அடித்தால் அது பழுது அல்ல. பாதியில் நிறுத்தப்பட்ட சுத்திகரிப்பு. கரி வரம்பைத் தாண்டிவிட்டால் 50 வெள்ளி ஸ்கேனர் பெரும்பாலும் உதவாது. அதற்கான தனிக் கட்டளை கார் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. கூடவே எண்ணெய் அளவுகோலைப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டி நின்றால் பாதியில் நின்ற சுத்திகரிப்புகளின் டீசல் எண்ணெயில் கலந்திருக்கிறது. நெடுந்தூரம் ஓட்டக் கூடாது.

ஆட்ப்ளூ (புகையின் மாசைக் குறைக்கும் திரவம்) உள்ள கார்களுக்கு ஒரு தனிக் கணக்கு. இங்கே ஒரு காலத்தில் நிறைய விற்ற சித்ரோவென், பியூஜோ புளூ எச்.டி.ஐ. கார்களில் மாசுக் கட்டுப்பாட்டுக் கோளாறு உறுதியானதும் 1,100 கி.மீ.யிலிருந்து கீழிறங்கும் எண்ணிக்கை ஓடும். பூஜ்யமானபின் அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. பினாங்கு போய்த் திரும்பவே சுமார் 1,400 கி.மீ. என்பதால், புறப்படும் காலையில் அந்த எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதே சரி. குறியீட்டை அழித்தாலும் எண்ணிக்கை போகாது.

அழிப்பதைப் பற்றிச் சொன்னதால்: செயலியில் பெரிதாகச் சிவப்பில் இருக்கும் 'குறியீட்டை அழி' பொத்தான்தான் இந்தச் சாதனத்தின் மிக மோசமான அம்சம். அழித்தால் கோளாறு நேர்ந்த கணத்தில் கணினி உறையவைத்த வேகம், சுமை, வெப்பநிலை எல்லாம் கூடவே போகும். பட்டறைக்காரருக்கு அதுதான் முக்கியத் துப்பு. முதலில் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துவையுங்கள், அந்தப் பொத்தானைத் தொட வேண்டாம்.

இழுத்துச் செல்ல வேண்டியிருந்தால்

சிங்கப்பூர் விரைவுச்சாலையில் நின்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அருகிலுள்ள குறிப்பிட்ட கார்நிறுத்தத்துக்கு இலவசமாக இழுத்துச் செல்லும். மலேசியாவில் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை என்றால் பிளஸ் நிறுவனத்தின் உதவி எண் 1800-88-0000. சிங்கப்பூர் எண்ணிலிருந்து ரோமிங்கில் இலவச எண்கள் இணையாமல் போகலாம். அதற்காகவே பிளஸ் செயலியையும் காப்பீட்டு நிறுவனத்தின் வெளிநாட்டு உதவி எண்ணையும் முன்பே போனில் சேமியுங்கள். கிலோமீட்டர் பலகை எண்ணும், வடக்கா தெற்கா என்பதும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். யாரும் அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை லாரியில் விலை பேசாமல் காரை ஏற்றாதீர்கள். சிங்கப்பூர்க் காப்பீடுகள் பல மேற்கு மலேசியாவையும் தாய்லாந்துக்குள் எல்லையிலிருந்து 80 கி.மீ.வரையும் உள்ளடக்கும், இழுவைச் செலவுக்கு உச்சவரம்பு எவ்வளவு என்பதைப் புறப்படும் முன் பாருங்கள், ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இயக்கக் கார்களுக்குத் தட்டை லாரிதான் என்று அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

போமனுக்கு 'கார் ஸ்டார்ட் ஆகவில்லை' என்று அனுப்பாமல், 'சுழற்சி 230, ரெயில் 60 பார், 10.8 வோல்ட், புகை இல்லை, பி0087, ஏற்றத்தில் இழுவை குறைந்து நின்றது' என்று பதிவோடு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், கார் வந்து சேர்வதற்குள் அவர் வடிகட்டியை வாங்கிவைத்திருப்பார். காரை லாரியில் ஏற்றியதும் ஸ்கேனரைக் கழற்றிவிடுங்கள். ஓ.பி.டி. துளையின் 16ஆம் முனையில் எப்போதும் மின்சாரம் இருக்கும். பட்டறையில் சில நாள் கிடந்தால் ஏற்கெனவே களைத்த பேட்டரி இன்னும் இறங்கும். தவிர, போமன் தன் சாதனத்தைச் செருகவும் அதே துளைதான் வேண்டும்.